மூன்று சென்ட் குறைத்த போன்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கை இரண்டு இருந்தும் ஒன்றுதான் வேலைக்கு உதவுகிறது, இன்னொன்றைப் போன் பிடிப்பதற்கென்றே நேர்ந்துவிட்டிருக்கிறார்கள் என்பது அரசப்பனின் கட்சி. சாவு வீட்டுக்கு வருகிறவன் மாலையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுக்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவன், "பெரியவரே, எந்த ஊரு" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாதர்பாக்கம் டீக்கடையில் ஒருத்தன், முன்னால் வைத்த டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் போனைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீ இன்னும் வரலியா" என்று கடைக்காரனை அதட்டியதை அரசப்பன் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அவனுக்கு வேறு டீ போட்டுக் கொடுத்த கடைக்காரன்மேலும் அவருக்குக் கோபம்தான்.

அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவர் மடியிலேயே மாசி மாதம் ஒரு போன் வந்து விழுந்தது. அவருடைய பழைய பட்டன் போன் பம்புசெட்டுத் தொட்டிக்குள் விழுந்து, இரண்டு தரம் மின்னிவிட்டு உயிரை விட்டிருந்தது. தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகிற மகன் ஜெகன், ஷிப்ட் பஸ் வருவதற்குள் அவசர அவசரமாக அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புதுப் போனை அவர் மடியில் வைத்தான்.

"நைனா, எல்லாம் போட்டுக் குடுத்துட்டேன். மழை, ரயிலு, கேலண்டரு, டார்ச்சு, அல்லாம் கீது. புடிச்சத வெச்சிக்க, வோணாம்ன்றத தூக்கிடு. சொம்மா கெடைக்கிற ஆப்பும் கீது, டப்பு கட்டறதும் கீது. டப்பு கேட்டா மட்டும் எதுலயும் கைய வெக்காத."

"சொம்மா குடுக்கறவன் எதுக்குடா சொம்மா குடுக்கறான்?"

"அத்த அப்பால சொல்றேன். பஸ்ஸு வந்துடுச்சு."

பஸ் போய்விட்டது. கேள்வி மட்டும் அரசப்பன் மண்டையில் தங்கிவிட்டது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். அவசரப்படுத்தினால் அதுவும் வராது. ஆனால் சந்தையில் மாடு பிடிக்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் கயிற்றை வாங்கியதில்லை. போனையும் அதே மாதிரி பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவர் கண்டுபிடித்த வழி எளியது. தனக்கு விடை தெரிந்த கேள்வியை ஒவ்வொரு ஆப்பிடமும் கேட்பது. சரியாகச் சொன்னால் இருக்கட்டும். தப்பினால் போகட்டும்.

முதலில் டார்ச். அதைத் தொட்டதுமே, போனில் இருக்கிற நம்பர்களையெல்லாம் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டது. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தவர் மனைவி குப்பம்மாளைக் கூப்பிட்டார்.

"தோ பாருமே. வெளிச்சம் அடிக்கறதுக்கு என் மச்சான் நம்பரு இவனுக்கு எதுக்கு?"

"உன் மச்சான் வழி தெரியாம எங்கனா நிக்கிறானோ இன்னாமோ" என்றாள் குப்பம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டார்ச் போயிற்று. கேலண்டர் ஆப்பில் திதியும் ராகுகாலமும் சுவரில் தொங்குகிற தாள் காலண்டரோடு ஒத்துப்போயின. ஆனால் ஒவ்வொரு தரம் தாளைத் திருப்பும்போதும் நடுவில் ஒரு பெண்பிள்ளை வந்து நகைக்கடன் வாங்கச் சொன்னாள். அவளை வராமல் தடுக்க வேண்டுமானால் மாதா மாதம் பணம் கட்ட வேண்டுமாம். "இவள இவனே அனுப்புவானாம், இவ வராம இருக்கறதுக்குத் துட்டும் இவனே கேப்பானாம்" என்று அரசப்பன் அதையும் தூக்கினார். ரயில் ஆப் கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டியின் நேரத்தைச் சரியாகச் சொன்னது. அவர் வருஷத்துக்கு ஒரு தரம் ரயில் ஏறினால் அதிகம். இருந்தாலும் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவைத்தார்.

மழை ஆப்தான் அவரை உட்கார வைத்துவிட்டது. வெளியே வெயில் கொளுத்தும்போது அது மேகத்தையும் கம்பிக் கம்பியாக மழையையும் படம் போட்டுக் காட்டியது. தூக்கி எறியப்போன கை, மேலே இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்து நின்றது. எழுத்து தெலுங்கு மாதிரி இருந்தது. குப்பம்மாளின் சித்தி மகள் எல்லை தாண்டிச் சத்தியவேட்டில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டு விசாரித்தால், அங்கே மெய்யாலுமே தூறிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு ஆந்திராவின் மழையை இவர் கையில் காட்டியிருக்கிறது போன்.

"பாத்தியா, பொய் சொல்லல" என்றாள் குப்பம்மாள்.

"பொய் சொல்லல. ஊரு மாத்திச் சொல்லுது. பொய் சொல்றவனையாவது அடையாளம் தெரியும்." என்றாலும் அதை அவர் எடுக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் சத்தியவேட்டில் மழையா வெயிலா என்று பார்த்துவிட்டுத்தான் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். தன் ஊரில் அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுகிறது. தெரியாத ஊர் வானத்தைப் பார்க்கிறதில் ஒரு ருசி இருக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் அருணாவைக் கட்டிக்கொடுத்தது உள்ளூரிலேயே. சம்பந்தி வேறு யாரும் இல்லை, அரசப்பனின் கழனிக்குப் பக்கத்துக் கழனிக்காரன் வரதன்தான். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். அருணா சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையில் அம்மா வீட்டுக்கு வந்தாள். அப்பன் போனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு நைனா? உனக்கு ஒதவுறது ஒண்ணு கீது பாரு. கழனி அளக்கற ஆப்பு. போன கையில வெச்சிக்கினு வரப்ப சுத்தி வந்தா போதும், எத்தினி சென்ட்டுன்னு சொல்லிடும்."

"சங்கிலி வோணாமா?"

"கால் இருந்தா போதும்."

அவள் அதை இறக்கிக் கொடுத்தாள். சும்மா கிடைப்பதுதான். இதே ஆப் பணம் கட்டினால் விளம்பரம் இல்லாமல், அளந்ததைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ள, அளவை அதுவே வாய்விட்டுச் சொல்லக்கூட வசதியோடு வருமாம். இறங்கியதும் இதுவும் ஒன்றைக் கேட்டது: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா?

"நான் எங்க இருந்தா இவனுக்கு இன்னா?"

"நீ எங்க கீறன்னு தெரியாம எப்டி நைனா அளக்கும்?"

அரசப்பன் யோசித்துப் பார்த்தார். இத்தனை ஆப்பில் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டது இது ஒன்றுதான். சரி என்பதைத் தொட்டார்.

அறுப்பு முடிந்து கழனி காய்ந்து கிடந்தது. மெஷின் அறுத்துவிட்டுப் போன தாளடி காலில் குத்தும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் அவர் தனியாகப் போனார். அவருடைய கழனி அகலம் குறைந்த நீளவாட்டுக் கழனி. தொண்ணூறு சென்ட். அப்பன் காலத்திலிருந்து தொண்ணூறு. அதைத் தெரிந்த விடையாக வைத்துக்கொண்டுதான் அவர் இந்த ஆப்பைக் கேட்கப் போனார். போனை வயிற்றுக்கு நேராக ஏந்திக்கொண்டு, கோயில் தட்டு ஏந்துகிறவர் மாதிரி, வரப்பின் ஓரமாகவே நடந்தார். திரையில் நீலக் கோடு ஒன்று அவர் கூடவே வந்தது. அவர் நின்றால் நின்றது. அவர் திரும்பினால் திரும்பியது. நாய்க்குட்டி பின்னால் வருவதுபோல் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் குஷியாகவே இருந்தது.

தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தார். பற்பசை விளம்பரம் ஒன்று வந்தது. அது போனதும் எண்பத்தேழு என்று காட்டியது.

இன்னொரு சுற்று. எண்பத்தேழுக்குக் கொஞ்சம் கீழே. மூன்றாவது தரம் மெதுவாக, மூலைக்கு மூலை நின்று நின்று போனார். எண்பத்தேழுதான்.

குஷி இறங்கிவிட்டது. மூன்று சென்ட் இல்லை. வயல் நடுவில் இருக்கிற நிலம் பறந்து போகாது. போனால் ஓரத்தில்தான் போகும். கால்வாய்க்கரை சர்க்கார் போட்டது, நகராது. ரோட்டோரத்தில் கல் நட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் தரிசு, அங்கே மண்வெட்டி விழுந்தே வருஷங்கள் ஆயிற்று. மிச்சம் இருப்பது வரதனும் இவரும் பங்கு போட்டுக்கொண்ட நீள வரப்பு ஒன்றுதான்.

வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்பு கழிப்பார்கள். அதாவது வரப்பின் பக்கவாட்டில் முளைத்த புல்லையும் எலி வளையையும் மண்வெட்டியால் சீவிவிட்டு, சேற்றை எடுத்து அப்புவார்கள். அவனவன் பக்கத்தை அவனவன் கழிப்பான். சீவுகிறபோது கை சற்று ஆழமாக இறங்கினால் வரப்பு ஒரு விரல் நகர்ந்துவிடும். கேட்டால் எலி வளை இருந்தது என்பான். வருஷத்துக்கு ஒரு விரல் என்றால் அத்தனை வருஷத்துக்கு எவ்வளவு? இந்தக் கணக்குத் தெரியாத கழனிக்காரன் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. போன நடவில் வரதன் கூலிக்கு ஆள் விட்டுக் கழித்தது அவருக்கு இப்போது புதிதாக ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து குப்பம்மாளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஒரு போனு சொல்லிச்சுன்னு சம்மந்திய திருடன்றியா?"

"திருடன்னு நான் எங்க சொன்னேன். மூணு சென்ட்டக் காணம்னு சொல்றேன். திங்கக்கெழம சர்வேயருக்கு எழுதிக் குடுக்கறேன். அவுரு வந்து சங்கிலி போட்டு அளக்கட்டும்."

"சர்வேயரு வந்தா ஊரே வந்து நிக்கும். அவுங்க ஊட்டுப் பொம்பளைங்க யாரக் கேப்பாங்க? உன்னியா கேப்பாங்க? உம் பொண்ணத்தான் கேப்பாங்க. உங்கப்பன் எங்கள சந்தி சிரிக்க வெச்சிட்டான்னு ஒவ்வொரு வேள சோத்துக்கும் கேப்பாங்க. அவ அங்க வாழறதா வோணாமா?"

அரசப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நிலமும் அவருடையது, மகளும் அவருடையவள். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று அடிபடும். அவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துக் குப்பம்மாள் குரலைத் தணித்தாள்.

"மொதல்ல அந்தக் கருமம் ஒழுங்கா அளக்குதான்னு பாருயா. மழையத்தான் ஊரு மாத்திச் சொல்லிச்சே."

அது நியாயமாகப் பட்டது. தெரிந்த கேள்வி இன்னொன்று வேண்டும். அவர்கள் வீடு இருக்கிற மனை சர்க்கார் அளந்து கொடுத்தது. சரியாக மூன்று சென்ட். போனை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளிப்புறமாகத் தெருவோடு சுற்றி வந்தார். எதிர்வீட்டுக்காரி, "இன்னா பெரியப்பா, ஊட்ட வலம் வர, வேண்டுதலா?" என்றாள். "ஆமா, நீ மொளப்பாரி எடுத்துக்கினு வா" என்றார். விளம்பரம் வந்து போனது. மூன்று சென்ட், அதற்குக் கொஞ்சம் மேலேகூட.

போன் பொய் சொல்லவில்லை என்றால் நிலம் போனது நிஜம். அரசப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார். போன் தப்பாகவே காட்டியிருக்கலாம் என்று முதல் தடவையாக ஆசைப்பட்டார்.

மறுநாள் அருணா வந்தபோது, சும்மா பேச்சு வாக்கில் கேட்டார்.

"இந்த அளக்கற ஆப்பு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"எங்க மாமா போன்ல கீதே. டப்பு கட்டிப் போட்டுக்கினாரு. காலைல எழுந்தா அதோடதான்."

வரதன் பணம் கட்டி வாங்கியிருக்கிறான். ஒரு ரூபாய்க்குப் பத்து தரம் யோசிக்கிற ஆள். எதற்கு? திருடினவன்தான் மூட்டையை எடை போட்டுப் பார்ப்பான் என்று அரசப்பனின் மனம் சொல்லிற்று. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வரதனின் கழனி எண்பது சென்ட் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சுற்றி வந்து எண்பத்து மூன்று காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. சர்வேயருக்கு எழுதுவதா வேண்டாமா என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

உச்சிவெயிலில் கழனிப்பக்கம் ஆள் இருக்காது என்று அந்த நேரமாகப் பார்த்துப் போனார். போனார் என்றால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஏதோ பம்புசெட்டைப் பார்க்கப் போகிறவர் மாதிரி. வேலங்கன்றைத் தாண்டித் திரும்பியவர் அப்படியே நின்றார்.

அந்த நீள வரப்பின் மறுகோடியிலிருந்து வரதன் வந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு. வயிற்றுக்கு நேராகப் போன். கோயில் தட்டு ஏந்துகிறவர் மாதிரி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். திரும்பிப் போவதற்கு வழியில்லை.

"இன்னா சம்மந்தி, இந்த வெயில்ல" என்றார் அரசப்பன்.

"டவரு கெடைக்கல. அதான் தேடிக்கினு வந்தேன். நீ?"

"எனக்கும் டவருதான்."

அப்போது வரதனின் போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பணம் கட்டின குரல், கணீரென்று சொன்னது: "அளவீடு நிறுத்தப்பட்டது. தொடர விரும்புகிறீர்களா?"

தூரத்தில் கம்பெனி லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

"டவரு நல்லா பேசுது" என்றார் அரசப்பன்.

வரதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இப்ப இன்னா அதுக்கு. என் நெலம், நான் அளக்கறேன். சொல்லாம இருக்கலாம்னு பாத்தேன். நீயா வந்து மாட்டிக்கின. எனக்கு ரெண்டரை சென்ட் கொறையுது சம்மந்தி. இந்த வரப்புல."

அரசப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். "உனக்குக் கொறையுதா? எனக்கு மூணு சென்ட் கொறையுது. இதே வரப்புல."

"அதெப்டி? எனக்குக் கொறைஞ்சா உனக்குத்தான் ஏறணும்."

"உனக்கு ஏறிக்கீதான்னு பாக்கத்தான் நான் அளக்க வந்தேன்."

"உன்னுது சொம்மா கெடைச்ச ஆப்பு. அது இன்னாத்தக் காட்டும். நான் டப்பு கட்டி வாங்கனவன்."

"டப்பு வாங்கனவன் உனக்கு எது புடிக்குமோ அத்தத்தான் சொல்லுவான். எனக்குச் சொம்மா குடுத்தவனுக்கு எங்கிட்ட ஆவ வேண்டியது இன்னா கீது?"

"பல்லு வெளக்கச் சொல்லி வெளம்பரம் காட்றானே, அதுதான் கீது."

பேச்சு தடித்துக்கொண்டே போயிற்று. போன நடவில் கூலிக்கு வந்தவன் கை ஆழமாக இறங்கியது என்றார் இவர். அதற்கு முந்தின நடவில் எலி வளை என்று சொல்லி இவர் வெட்டியெடுத்த மண் அள்ள ஒரு வண்டி போதாது என்றார் அவர். கடைசியில், சம்பந்தியிடம் வரக்கூடாது என்று அரசப்பன் நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது.

"சரி. சர்வேயரக் கூப்புட்றேன்."

வரதனின் முகம் கறுத்தது. "கூப்புடு. நான் பயந்தவன் இல்ல. அருணா கிட்ட மட்டும் நீயே சொல்லிடு. எங்க ஊட்ல நான் அத்தச் சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தை முடிவதற்குள் அருணா வந்துவிட்டாள். ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாமனாருக்குக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுப்பது அவள் வழக்கம். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கிழவர்களையும், அவர்கள் கையிலிருந்த இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எத்தினி கொறையுது ரெண்டு பேருக்கும்?"

சொன்னார்கள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"தோ, இந்த வரப்பு மேல ரெண்டு பேரும் நடங்க. எப்டி அளந்தீங்களோ அப்டியே. நான் பாக்கறேன்."

இது என்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டே இருவரும் நடந்தார்கள். அருணா பின்னால் வந்தாள். பத்து அடி போவதற்குள் அவள் நின்றுவிட்டாள். பெரிய வரப்பு அது, சைக்கிள் போகிற அகலம். அதன் இந்த விளிம்பில் அவள் அப்பன், புல்லுக்கும் தாளடிக்கும் நடுவில் கால் வைத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தார். அந்த விளிம்பில் அவள் மாமனார், அதே மாதிரி. இரண்டு பேரில் ஒருவர் கால்கூட நடுவரப்பில் படவில்லை.

அந்த ஊரில் அப்படித்தான். வரப்பு இரண்டு பேருக்கும் பொது என்றாலும் அவனவன் அவனவன் ஓரமாகத்தான் நடப்பான். அடுத்தவன் பாதியில் கால் வைப்பது, கேட்காமல் அடுத்தவன் பானையில் கரண்டி விடுவதற்குச் சமம். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கால் தானாக ஒதுங்கும்.

"நைனா, மாமா, நில்லுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு பாய் போட்டுப் படுக்கலாம். இந்த வரப்ப நீயும் அளக்கல, அவுரும் அளக்கல. நாலு பக்கமும் இப்டித்தான சுத்தி வந்தீங்க?"

"பின்ன கால்வாய்க்கரை மேலயா நடப்பாங்க? அது சர்க்காருது" என்றார் அரசப்பன்.

"அதான். போனுக்கு வரப்பு தெரியுமா, பொழப்பு தெரியுமா? நீ கால் வெச்ச எடம்தான் அதுக்கு எல்ல. நீ உள்ளாற நடந்தா நெலத்த உள்ளாற இழுத்துக்கும். ஊட்டு மனைய எப்டி அளந்த?"

"வேலிக்கு வெளிய. தெருவுல."

"அங்க சரியாக் காட்டிச்சா இல்லியா?"

வரதன் தன் கால் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு எதிர்விளிம்பில் இருந்த அரசப்பனின் காலைப் பார்த்தார்.

"அப்ப நடுவுல நடந்து பாரு சம்மந்தி" என்றார்.

"நீ நட."

"உன் நெலத்த அளக்க நான் எதுக்கு நடக்கறது?"

இரண்டு பேரும் நகர்வதாயில்லை. அருணா அப்பன் கையிலிருந்த போனை வாங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின் நட்டநடுவில் நடக்க ஆரம்பித்தாள். நீள வரப்பு முடிந்து, ரோட்டோரத்துக் கல்லைத் தொட்டுத் திரும்பி, கால்வாய்க்கரையின் அடியோடு போய், தரிசுப்பக்கத்து வரப்பின் நடுவில் இறங்கி வந்தாள். இரண்டு கிழவர்களும் வேலங்கன்றின் கொஞ்ச நிழலில் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் மூச்சு வாங்க வந்து நின்றவள் கையில் பற்பசை விளம்பரம் ஓடியது. ஓடி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் அந்தப் பல்லையே பார்த்தார்கள்.

எண்பத்தொன்பதரை.

வரதனின் போனை வாங்கிக்கொண்டு அவர் நிலத்தையும் அதே மாதிரி சுற்றிவந்தாள். எண்பதுக்குக் கொஞ்சம் கீழே என்று பெண்குரல் சொன்னது. வரதன் முதலில் மெதுவாகச் சிரித்தார், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு நாளா தூக்கம் இல்ல சம்மந்தி. உன்ன எப்டிக் கேக்கறதுன்னு. கேட்டா இந்தப் பொண்ணு மொகத்துல எப்டி முழிக்கறதுன்னு. டப்பு கட்டி பேஜார வாங்கி வெச்சேன் பாரு."

"எனக்கும்தான்" என்று சொல்ல அரசப்பனுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"அந்த அரை சென்ட்டு எங்க?"

"நைனா."

"இல்ல, கேக்கறேன். நான் நடந்தா எம்பத்தேழு. இவ நடந்தா எம்பத்தொம்பதரை. நாளைக்கி குப்பம்மா நடந்தா எத்தினி? நடக்கறவன் காலப் பாத்து நெலம் பெருசாவுது, சிறுசாவுதுன்னா, அது அளவா?"

"அளவு காட்ற பொருளு அப்டித்தான் நைனா. சர்வேயரு கூட சங்கிலிய எங்க வெக்கறாருன்னுதான கணக்கு."

"அப்ப அவுரும் வோணாம்" என்றார் அரசப்பன் சட்டென்று. அருணா மூச்சை விட்டாள். அதைக் கவனித்தவர் விரலை உயர்த்தினார். "எப்பவும் வோணாம்னு சொல்லல. இப்ப வோணாம்."

வரதன் தூக்குச்சட்டியைத் திறந்தார். "கூழு குடி சம்மந்தி. வெயில்ல வந்துகீற. வேணும்னா என்னுத மாதிரி டப்பு கட்டறத போட்டுக்க. குறுக்க வெளம்பரமாவது வராது."

"எது வோணும்னு எனக்குத் தெரியும். கூழு நீ குடி. உனக்குன்னு கொண்டாந்தா."

மகளிடமிருந்து போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஆப்பை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று அவள் கேட்டாள். அரசப்பன் அதற்குப் பிடி கொடுக்கவில்லை. வரப்பைவிட்டு இறங்கி, தன் கழனியின் குறுக்காக, தாளடி நறநறவென்று மிதிபட, ரோட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் வரதன் எதையோ சொல்ல அருணா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. அரைச் சென்ட் என்பது கையகல நிலம் இல்லை, ஒரு மாட்டுக்கொட்டாய் போடலாம். அது எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.